ஓட்டை போடக் கூடாத மாடி

மழை பிடித்துக்கொண்டால் அந்த ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் தேடுவார்கள். ஒழுகுகிற மொட்டைமாடியைச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். முகத்துக்கு நேரே எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். அவர் தெருமுனை திரும்பியதும், "சொட்டு போறாரு பாரு" என்பார்கள். அந்தப் பெயர் தனக்குத் தெரியும் என்று அவர் காட்டிக்கொண்டதில்லை. யார் அப்படிச் சொன்னார்கள் என்பதை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொள்வார். அவர்கள் வீட்டு மாடி ஒழுகும்போது, "இந்த வாரம் முடியாது, அடுத்த வாரமும் சந்தேகம்தான்" என்பார். ஒழுகாத மாடி உலகத்தில் இல்லை, பொறுத்திருந்தால் எல்லோரும் நம்மிடம்தான் வந்தாக வேண்டும் என்பது அவர் நம்பிக்கை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, அந்தத் தளத்தைப் போட்டவனைத் திட்டுவது. காலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். குனிந்து விரலால் சுரண்டுவார். பிறகு வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து, "யார் போட்டது இந்தத் தளம்? அவனுக்கும் உங்களுக்கும் ஏதாவது பழைய பகையா?" என்பார். வீட்டுக்காரர் நெளிவார். அதற்கப்புறம் பேரம் பேச அவருக்கு வாய் வராது.

திட்டுவதற்கான உரிமை தனக்கு உண்டு என்று அவர் நினைத்ததற்குக் காரணம் அவருடைய சொந்த வீடுதான். கல் சுமக்கிற ஆளாக ஆரம்பித்து, கரணை பிடித்து, கொத்தனாராகி, கையில் நாலு காசு சேர்ந்ததும் தானே நின்று கட்டிய வீடு. கட்டிய நாளிலிருந்து கூரையிலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்கியதில்லை. நம்பாத வாடிக்கையாளரை நேரே தன் கூடத்துக்கு அழைத்து வந்து நிறுத்தி, "அண்ணாந்து பாருங்க" என்பார். மேலே சுத்தமான வெள்ளை. ஒரு பழுப்புக் கறை கிடையாது, ஒரு விரிசல் கிடையாது. அவர் தொழிலுக்கென்று பலகை வைத்ததில்லை. அந்தக் கூரைதான் பலகை.

இப்படிப்பட்டவருக்கு சோலார் பேனல் வைக்கிற ஒருவர் மருமகனாக வாய்த்தார்.

மகள் தானே பார்த்துத் தானே முடிவு செய்த கல்யாணம். மேஸ்திரி கல்யாணத்துக்குப் போனார், ஆனால் சாப்பிடாமல் திரும்பினார். அதற்கப்புறம் மருமகனோடு அவர் பேசவே இல்லை. வீட்டுக்கு அந்த ஆள் வந்தால், "அந்த ஆளு எப்ப கிளம்புதாம்?" என்று மனைவியிடம் கேட்பார், அந்த ஆள் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே. மனைவி கிடைக்காவிட்டால் சுவரைப் பார்த்துப் பேசுவார். மாப்பிள்ளையும் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. வாய் ஓயாத ஆசாமி. ஊரெல்லாம், "என் மாமனாரே வயிறெரியற அளவுக்கு நல்ல சரக்கு சார் இது" என்று சொல்லித்தான் பேனல் விற்றார். அது மேஸ்திரி காதுக்கு வந்து சேர அரை நாள்கூட ஆகவில்லை.

மருமகன் வேறு என்ன தொழில் செய்திருந்தாலும் அவர் எப்படியாவது முழுங்கியிருப்பார். ஆனால் ஒவ்வொரு பேனல் சட்டத்துக்கும் கால்கள், ஒவ்வொரு காலுக்கும் போல்ட், ஒவ்வொரு போல்ட்டுக்கும் மாடியில் ஒரு துளை. தான் அடைத்துக்கொண்டே போக, பின்னாலேயே ஒருவன் துளைத்துக்கொண்டே வருகிறான். போயும் போயும் அவனுக்கா தன் பெண்?

ஆகவே மேஸ்திரி பிரசாரத்தில் இறங்கினார். எந்த வீட்டு மாடிக்கு வேலைக்குப் போனாலும் கலவை குழைத்துக்கொண்டே பேனல் கதைகளை எடுத்து விடுவார். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் அவருக்கு முதல் உதாரணம். அந்த வீட்டு மாடித் தளம் ஏற்கெனவே பொரிந்து போனது. அதைச் சரிசெய்யாமல், அதன் தலையில் பேனலைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள். மறு மழைக்கே ஒழுகியது. இப்போது தளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பேனல் மொத்தத்தையும் பிரித்து இறக்க வேண்டும், வேலை முடிந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். "கட்டிலைப் போட்டுட்டு வீட்டுக்குத் தரை போடற மாதிரி" என்பார் மேஸ்திரி. பேனல் நீங்கள் பேரன் பேத்தி எடுக்கிறவரைக்கும் உழைக்கும், அதற்குக் கீழே இருக்கிற தளம் அதுவரை தாங்குமா என்று எவனாவது பார்த்தானா?

அடுத்தது கணக்கு வாத்தியார் வீடு. அங்கே ஒழுகவில்லை, வேறு வினை. உச்சி வெயிலில் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார்கள், அப்போது மாடியில் நிழலே இல்லை. மத்தியானம் சாய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரத்துப் பேனலில் வந்து விழுகிறது. ஒன்றில் விழுந்தால் அது ஒன்றுதானே குறையும் என்று வாத்தியார் நினைத்தார். வரிசையாகக் கோத்துவிட்ட பேனல்கள் அப்படிக் கிடையாது. ஒன்று சுணங்கினால் அந்த வரிசையே சுணங்கும். "ஒருத்தன் நொண்டினா ஊர்வலமே நொண்டும்" என்று மேஸ்திரி இதை ரசித்து ரசித்துச் சொல்வார்.

அவருக்கு மிகவும் பிடித்தது டாக்ஸி முதலாளி வீட்டுக் கதை. பேனல் போட்ட மிதப்பில் அவர் சொந்தக்காரர்களை எல்லாம் வரவழைத்திருந்தார். நல்ல வெயில். தெருவில் கரண்ட் போனது. இனிமேல் நமக்கென்ன என்று முதலாளி மீசையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டு விசிறியும் நின்றது. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஆளுக்கு உயிர் போய்விடக் கூடாது என்று, வெளிக் கரண்ட் நின்றால் பேனலும் தானாக நின்றுவிடும், தனியாக பேட்டரி இருந்தால்தான் கதை வேறு. இதை யாரும் அவருக்கு முன்னாலேயே சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

"எல்லாத்தையும் விடுங்க" என்று முடிப்பார் மேஸ்திரி. "ஒழுகினா யார் வருவாங்கன்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. பேனல்காரன் தளத்தைக் காட்டுவான். தளம் போட்டவன் பேனலைக் காட்டுவான். நடுவுல நீங்க வாளியைக் காட்டிட்டு நிப்பீங்க."

இந்தப் பேச்சில் மாப்பிள்ளைக்குக் கைநழுவிய வேலைகள் ஒன்றிரண்டு இல்லை. மகள் போன் செய்து, "அப்பா, நீங்க பேசறது பொய்யில்ல. ஆனா அத்தனையையும் நாங்க பண்ணின மாதிரியே பேசறீங்க. அதுல ஒண்ணுகூட இவர் வெச்ச பேனல் இல்ல" என்றாள். "நான் யார் பேரையும் சொல்லலையே" என்றார் அவர். அது உண்மைதான். பேர் சொல்லாமல் மூஞ்சியை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொள்வார், கேட்கிறவர் புரிந்துகொள்வார்.

வினை அவர் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது, அதுவும் மனைவி ரூபத்தில்.

அந்த அம்மாள் வீட்டின் பின்பக்கத்தில் சலவை மெஷின்கள் போட்டு, தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெஷின்கள் நாள் முழுக்க உறுமும். கரண்ட் பில் வருகிற நாளில் அவளும் உறுமுவாள். கூடத்தையே பாதி சலவைக்கு விட்டாயிற்று. உலர்ந்த விரிப்புகளை மடித்துச் சுவரோரம் அடுக்கி வைத்திருப்பாள். மேஸ்திரி ஊரில் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். அந்த அடுக்கில் கை வைத்தால் மட்டும் அவருக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "மாடியில பேனல் போடப் போறேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லியாச்சு."

"எந்த மாடியில?"

"நமக்கு எத்தனை மாடி இருக்கு?"

மேஸ்திரி சாப்பிடாமல் எழுந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி எழுந்தார். அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் நடந்தது சண்டை என்று சொன்னால் சண்டைக்குக் கேவலம். அவர் கத்துவார். அவள் மெஷினைப் போட்டுவிடுவாள். மெஷின் நின்றதும் அவர் விட்ட இடத்திலிருந்து கத்துவார், அவள் அடுத்த மெஷினைப் போடுவாள். கடைசியில் தொண்டை கட்டியது அவருக்குத்தான்.

தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மேஸ்திரி சுவரைப் பார்த்து நின்றார்.

"என் மாடியில ஒரு ஓட்டை போடக் கூடாது. ஊசி முனை அளவுக்குக்கூட. போட்டதுக்கு அப்புறம் இந்தக் கூரையிலேர்ந்து ஒரே ஒரு சொட்டு இறங்குச்சுன்னா, அன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டு அந்த ஆளு போயிடணும். அப்புறம் இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

மகள் அம்மாவைப் பார்த்தாள். "அவர் மிதிக்கலைன்னா நானும் மிதிக்க மாட்டேன். அதையும் சேர்த்துச் சொல்லுங்கப்பா" என்றாள்.

"சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார் அவர். சொன்னபிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை இதற்கெல்லாம் அசரவில்லை. ஓட்டை இல்லாமலும் வைக்கலாம் அத்தை, என்றார். கனமான கான்கிரீட் கட்டைகளை மாடியில் வரிசையாகப் படுக்கப் போட்டு, அதன் மேல் சட்டத்தை நிறுத்தினால் போதும். கட்டையின் பாரமே காற்று தூக்காமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாரத்தைத் தளம் தாங்குமா என்று ஒரு இன்ஜினீயரை வைத்துப் பார்க்க வேண்டும்.

"நான் போட்ட தளம் யானையைத் தாங்கும்" என்றார் மேஸ்திரி சுவரிடம்.

"யானை கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடும் அத்தை. கட்டை போகாது" என்றார் மாப்பிள்ளை மாமியாரிடம்.

இன்ஜினீயர் வந்தார், பார்த்தார், தாங்கும் என்றார். மேஸ்திரிக்குப் பெருமை பொங்கியது. ஆனால் அந்தத் தீர்ப்பு யார் பக்கம் போய் விழுந்தது என்று யோசித்ததும் பெருமை அப்படியே வயிற்றெரிச்சலாக மாறியது.

பேனல் ஏறின நாளில் அவர் வேலைக்குப் போகவில்லை. நாற்காலியை மாடியில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு டார்ச்சையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று மருந்துக்கடைக்காரர் அடுத்த மாடியிலிருந்து கேட்டார். "சிலபேர் கை வேலையைப் பார்க்க வெளிச்சம் பத்தாது" என்றார் இவர். டிரில் மெஷின் பெட்டி வண்டியை விட்டு இறங்குகிறதா என்றுதான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. கட்டைகள் ஏறின. ஒவ்வொன்றும் ஆள் நீளம். அவற்றை வரிசையாக முட்ட முட்டப் போட்டார்கள். கடைசி வரிசை மாடியின் குறுக்கே, படிக்கட்டு அறைச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போயிற்று, இரண்டு முனையிலும் ஒரு சாண் விட்டு. ஒவ்வொரு கட்டையும் ரப்பர் துண்டுகள் மேல் உட்கார்ந்திருந்தது. கட்டைக்கும் தளத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற சந்து.

அந்தச் சந்தை மேஸ்திரி பார்த்தார். பார்த்த நிமிஷத்திலிருந்து பல்லில் நார் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஏன் இந்தச் சந்து என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் அந்த ஆளிடம் பேச வேண்டும். மாப்பிள்ளையும் சொல்லியிருக்கலாம். மாடி ஒழுகலையே தொழிலாக வைத்திருக்கிற மனிதருக்கு, தண்ணீர் போக வழி விட்டிருக்கிறேன் என்று விளக்கினால், அதற்கும் ஒரு வசை வரும் என்று அவர் நினைத்தார். இருவரும் எதிரெதிரே நின்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். சந்து அப்படியே இருந்தது.

பேனல்கள் கரண்ட் கொடுக்க ஆரம்பித்தன. அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வாரத்தில் ஒரு தகராறு வந்தது, பதினோரு மணி வாக்கில் உற்பத்தி சட்டென்று விழுகிறது என்று மாப்பிள்ளை போனில் பார்த்துவிட்டுக் கேட்டார். விசாரித்தால் அவளுடைய விரிப்புகள்தான் கொடியில் பறந்து பேனலுக்கு நிழல் கட்டிக்கொண்டிருந்தன. கொடியை மறுபக்கம் மாற்றினாள். மேஸ்திரி அன்று முழுக்கச் சிரித்தார். கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போயே சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் சந்து அவரை விடவில்லை. மாடிக்குப் போகும்போதெல்லாம் குனிந்து பார்ப்பார். உள்ளே சருகு சேர்ந்திருக்கும். புறா இறகு ஒட்டியிருக்கும். எறும்பு சாரை போகும். அவர் வாழ்க்கை முழுக்கச் சந்தைக் கண்டால் அடைத்தவர். கதவிடுக்கு, குழாயடி, சுவரோரம் எதையும் விட்டதில்லை. இப்போது தன் தலைக்கு மேலேயே, எதிரி விட்டுவிட்டுப் போன அரைகுறை வேலை பல்லிளித்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஒரு சொட்டு இறங்கினால் அது இங்கிருந்துதான் இறங்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இறங்கினால் மாப்பிள்ளை ஒழிந்தான், அது நல்லதுதான். ஆனால் அந்த வெள்ளைக் கூரையில் கறை விழும். அந்தக் கறையை நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

மனைவி விரிப்புகளை விடுதிக்குக் கொண்டுபோயிருந்த ஒரு காலையில் அவர் கலவை குழைத்தார். நல்ல சிமென்ட், சலித்த மணல், தண்ணீர் இறங்காமல் இருக்கத் தான் வழக்கமாகச் சேர்க்கிற மருந்து. குப்புறப் படுத்துக்கொண்டு, கடைசி வரிசையின் சந்து முழுவதையும் கரணை முனையால் திணித்துத் திணித்து அடைத்தார். கட்டைகள் முட்டுகிற இடங்களையும் விடவில்லை. இரண்டு முனையிலும் விட்டிருந்த சாண் இடத்தைப் பார்த்தார். குப்பை சேர்வதற்கு இதைவிட வசதி எது? செங்கல் துண்டு வைத்து அதையும் எழுப்பிக் கட்டை உயரத்துக்குப் பூசினார். கடைசியாகக் கட்டைவிரலை ஈரக் கலவையில் அழுத்தி இழுத்து, மூலை முழுக்க ஒரு வழவழப்பான குழிவு கொண்டுவந்தார். அது அவருடைய முடிப்பு. ஊரில் அவர் கை பட்ட மாடியை அந்தக் குழிவை வைத்தே சொல்லிவிடலாம். எழுந்து நின்று பார்த்தபோது, பேனல் ஏறின நாளிலிருந்து அன்றுதான் அவருக்கு மனசு ஆறியது. மற்ற வரிசைகளை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினார்.

அந்த மாடியின் வாட்டம் படிக்கதவு திறக்கிற முன்பக்கத்திலிருந்து பின்பக்கக் குழாயை நோக்கிச் சரிவது. அதை அமைத்தவரும் அவர்தான். விழுகிற தண்ணீர் ஒரு நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும் என்று மட்டக்கோல் வைத்து இழைத்த வாட்டம். வேறு எவனாவது அதற்குக் குறுக்கே இப்படி ஒரு வரப்புக் கட்டியிருந்தால், அவன் பாட்டன் வரைக்கும் போய்த் திட்டியிருப்பார்.

மழை ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் பேனலைத் துடைத்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். துடைக்க அவசியமே இல்லாதபடி வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எல்லோரும் கூடத்தில் மாட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். பிறகு அவரும் அண்ணாந்தார். மகளுக்குப் புரிந்தது, அவளும் பார்த்தாள். விளக்கு மாட்டின இடம், மின்விசிறிக் கொக்கி, மூலைகள் என்று ஆறு கண்களும் வெள்ளைப் பூச்சில் மேய்ந்தன. சொட்டு விழுந்தால் வாசல் அடைபடும். மழை தட்டித் தட்டி இரைந்தது. மேஸ்திரிக்கு எதை வேண்டிக்கொள்வது என்றே விளங்கவில்லை. விழக் கூடாது என்று நினைப்பார், உடனே எதிரே இருக்கிற மூஞ்சியைப் பார்ப்பார், ஒன்றே ஒன்று விழட்டுமே என்று நினைப்பார்.

விழவில்லை. கூரை காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது.

"ஏங்க" என்றாள் மனைவி, உள்ளிருந்து வந்தவள். "என் கால் ஏன் நனையுது?"

மூவரும் குனிந்தார்கள். மாடிப்படி வழியாகத் தண்ணீர் படி படியாக, நிதானமாக, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இறங்கி வந்துகொண்டிருந்தது. தரையைக் கடந்து சுவரோர விரிப்பு அடுக்கின் அடியில் நுழைந்துவிட்டிருந்தது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் மழைச் சத்தம் அடங்கிவிட்டது.

மாப்பிள்ளை படிகளில் தாவி ஏறினார். மேஸ்திரி பின்னாலேயே போனார். மாடியின் முன்பாதி குளமாக நின்றது, கணுக்கால் முழுகியது. படிக்கதவின் நிலைப்படி, துணிக்கூடையை இழுக்க வசதியாக எப்போதோ தாழ்த்தப்பட்டது. தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. கட்டை வரிசைக்கு அந்தப் பக்கம், குழாய் இருக்கிற பாதியில், தண்ணீர் நிற்கவே இல்லை.

மாப்பிள்ளை மழையில் மண்டியிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டு, கட்டையின் அடியை நீளத்துக்குத் தடவிக்கொண்டே போனார். சந்தைத் தேடினார். சந்து இல்லை. பாதி வழியில் அவர் கை நின்றது. கட்டைவிரலை மூலையில் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து மாமனாரைப் பார்த்தார்.

"இது எங்க ஆளுங்க வேலை இல்ல மாமா. எங்க ஆளுங்களுக்கு இவ்வளவு அழகா வராது."

மேஸ்திரி பேசுவதற்குச் சுவரைத் தேடினார். அருகில் சுவர் இல்லை. கட்டை வரிசையையும், அதற்கு இந்தப் பக்கத்துத் தண்ணீரையும், அந்தப் பக்கத்துத் தண்ணீர் தேங்காத குழாய் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். வாட்டம் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

மாப்பிள்ளை கடப்பாரையை எடுத்து வந்து முனையில் இருந்த செங்கல் பூச்சைக் குத்தினார். பொறி பறந்தது, பூச்சு அசையவில்லை. மறுபடி ஓங்கிக் குத்தினார். கடப்பாரைதான் எகிறி வந்தது. "மனுஷன் பூசற பூச்சா இது?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓரத்துல குத்தாதீங்க" என்றார் மேஸ்திரி. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மருமகனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது, அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. "தளத்தைப் பேத்துடப் போறீங்க. இப்படிக் குடுங்க அதை."

பிடுங்கிக்கொண்டார். செங்கல்லுக்கும் சுவருக்கும் நடுவே எங்கே இளக்கம் இருக்கும் என்று பூசின கைக்குத் தெரியும். அங்கே வைத்து, சாய்த்து, ஒரே நெம்பு. செங்கல் பெயர்ந்தது. தேங்கின தண்ணீர் மொத்தமும் அந்த வாய் வழியாகக் குழாயைப் பார்த்து ஓடியது. அவர் மறு முனைக்குப் போய் அதையும் நெம்பினார். மாப்பிள்ளை உதவிக்கு நெருங்கியபோது, "தள்ளி நில்லுங்க" என்றார்.

கீழே இறங்கி வந்தபோது மருந்துக்கடைக்காரர் குடையோடு வாசலில் நின்றிருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தாராம். கண்ணில் அவ்வளவு கரிசனம், உதட்டு ஓரத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"என்ன மேஸ்திரி, ஒழுகிடுச்சா? உங்க வீட்டுலேயேவா?"

மகள் ஏற்கெனவே தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடுக்கூடத்தில் வந்து நின்றார். ஆமாம், ஒழுகிவிட்டது, எல்லாம் இந்தப் பேனலால் வந்தது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஆள் இன்றோடு தொலைந்தான். மருந்துக்கடைக்காரர் அதை விடிவதற்குள் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார், மேஸ்திரி வீடே ஒழுகிய கதையாக.

"யார் சொன்னது ஒழுகுச்சுன்னு?" என்றார். "அண்ணாந்து பாருங்க."

மருந்துக்கடைக்காரர் அண்ணாந்தார்.

"நல்லாப் பாருங்க. எங்கேயாவது ஈரம் இருக்கா? கறை இருக்கா? ஒரு சொட்டு இறங்கியிருக்கா?"

"கூரையில இல்ல. ஆனா தரையெல்லாம்..."

"அது படி வழியா வந்தது. கதவைத் திறந்து வெச்சா தெருத்தண்ணிகூட வரும். அதுக்கும் என் தளத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? என் தளத்துலேர்ந்து ஒரு சொட்டு இறங்கல. போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. போங்க."

மருந்துக்கடைக்காரர் ஏமாற்றத்தோடு குடையை விரித்தார். அவர் படலைத் தாண்டியதும் மகள் மெல்லக் கேட்டாள்.

"அப்ப ஒரு சொட்டுகூட இறங்கலையாப்பா?"

"இறங்கல. கண்ணு இல்ல உனக்கு?"

"அப்ப இவர் வாசலை மிதிக்கலாம்."

தான் எந்தப் பக்கத்துக் கதவைத் தாழ் போடப் போய் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறான். அவனை அங்கேயே அறையலாம் போல இருந்தது.

நனைந்த விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள். "தாராளமா மிதிக்கலாம். முதல்ல படியைத் துடைக்கலாம். இத்தனையையும் மறுபடி துவைக்கணும், நாளைக்குக் காலையில விடுதிக்காரன் வந்து நிப்பான். யார் அடைச்சா, யார் உடைச்சா எல்லாம் அப்புறம் நான் விசாரிச்சுக்கறேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் மருமகனைப் பார்க்கவில்லை.

மகள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாப்பிள்ளை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியும் துணியுமாக மேல்படியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். மெஷின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. வெளியே மழை விட்டு, மேற்கே கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. நாளைக்குக் காலையில் உளியை எடுத்துக்கொண்டு போய் மிச்சச் சந்தையும் கொத்தித் திறக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் மாடிக்கு வருவதற்குள் முடிக்க வேண்டும். இனிமேல் பேனல் இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால், எவன் அடைத்தான் என்று அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை கடைசிப் படியையும் துடைத்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மூணாவது படி ஓரத்துல ஈரம் இருக்கு" என்றார் மேஸ்திரி சுவரிடம்.